புகைவண்டியும் புகைப்படமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தோற்றுவாய்

தமிழ் மக்களின் வழக்கில் இரண்டு சொற்கள் புகையைச் சுமந்து நிற்கின்றன. ஒன்று புகைவண்டி, மற்றொன்று புகைப்படம். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்தவை. அறிஞர்கள் முன்னதைத் தொடர்வண்டி என்றும் இருப்பூர்தி என்றும் பெயர் மாற்றினர். பின்னதை நிழற்படம் என்றும் ஒளிப்படம் என்றும் பெயர் மாற்றினர். ஆயினும் ஊர்ப்புறத்து முதியோர் நாவில் புகை இன்னும் அகலவில்லை. நீராவி இயந்திரம் முதன்மைப் பாதைகளை விட்டு நீங்கியது. படச்சுருளும் இருட்டறையும் பெரும்பாலும் நீங்கின. பொருள் போன பின்னும் பெயரில் புகை நின்றது. இவ்வுரை அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தைப் பற்றியது. அஃதாவது, வண்டியில் செல்லும் ஒருவர் சாளரத்தின் வழியே வண்டியையும் வழியையும் படமெடுப்பதைப் பற்றியது.

கள்ளக்குறிச்சியில் கூடிய அவையில் இப்பொருளைப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பெற்ற இந்நிலப்பகுதிக்கு இருப்புப்பாதை புதியதன்று. தலைநகரிலிருந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் முதன்மைப் பாதை உளுந்தூர்ப்பேட்டை வழியே செல்கிறது. விழுப்புரம் – காட்பாடிப் பாதையில் திருக்கோவிலூரின் பெயர் தாங்கிய நிலையம் உண்டு. விருத்தாசலம் – சேலம் பாதையில் சின்னசேலம் உண்டு. ஆனால் மாவட்டத்தின் தலைநகர் இப்பாதைகள் எதிலும் அமையவில்லை. கள்ளக்குறிச்சிக்காரர் வண்டி ஏற வேண்டுமெனில் முதலில் பேருந்து ஏற வேண்டும் என்பதே தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த நிலை. எளிதில் கிட்டாத பொருளை மனிதர் கூர்ந்து பார்ப்பர். வீட்டு வாசலில் வண்டி ஓடும் ஊரில் பிறந்தவர் அதனை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பேருந்தில் சென்று நிலையத்தில் காத்திருந்து வண்டி ஏறுபவரோ, சாளர ஓரத்தைத் தேடி அமர்கிறார். படமெடுக்கத் தகுதியானவர் அவரே.

தேரிலிருந்து கண்ட காட்சி

ஓடும் ஊர்தியிலிருந்து நிலத்தைப் பார்ப்பது தமிழ் இலக்கியத்துக்குப் புதுமையன்று. முல்லைத் திணைப் பாடல்களில் வினைமுற்றி மீளும் தலைவன் தேரில் வருகிறான். பாகனிடம் பேசிக்கொண்டே வருகிறான். வழியில் பிணையொடு நிற்கும் மான் தெரிகிறது. மழை பெய்த செந்நிலம் தெரிகிறது. பூத்த முல்லை தெரிகிறது. அவை யாவும் நின்று காணப்பெற்ற காட்சிகள் அல்ல. விரைந்து கடக்கையில் காணப்பெற்றவை. ஆகவேதான் அவை சிறுசிறு காட்சிகளாக, ஒவ்வொன்றும் ஒரே பார்வையில் அடங்குவனவாக அமைந்துள்ளன. தேரின் வேகம் பாட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது எனல் மிகையாகாது.

இதற்கு மறுதலையான காட்சியும் உண்டு. பாரி இறந்தபின் பறம்பை விட்டு நீங்கும் கபிலர், அம்மலையைத் திரும்பிப் பார்த்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் 114ஆவதாக உள்ளது. அருகில் நிற்பவர்க்கும் அம்மலை தோன்றும். தொலைவு சென்று நிற்பவர்க்கும் தோன்றும் என்பது அதன் கருத்து. நடந்து செல்பவர் எவ்வளவு தொலைவு நடப்பினும் மலை உடனே மறைவதில்லை. வழியோரத்து மரங்கள் பின்தங்கிவிடும்; மலை உடன் வரும். பிற்கால ஒளியியல் சொல்லும் உண்மையைக் கபிலர் துயரத்தின் வாயிலாகக் கண்டார். அவர் உயிர்நீத்த இடமென மரபு சுட்டும் கபிலர் குன்று, இம்மாவட்டத்துத் திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றின் நடுவே நிற்கிறது. ஆகவே, பின்னோக்கி நகரும் மலையைப் பற்றிப் பேச இம்மண்ணுக்குத் தனி உரிமை உண்டு.

வண்டியும் படமும் உறவான கதை

மேலைநாட்டில் ஒளிப்படக் கலைக்கும் இருப்புப்பாதைக்கும் நெருங்கிய உறவு ஏற்பட்டது. 1878இல் அமெரிக்காவில் எட்வர்டு மைபிரிட்சு என்பார், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழுவதை வரிசையான படக்கருவிகளால் பதிவு செய்து காட்டினார். அம்முயற்சிக்குப் பொருளுதவி செய்தவர் இலேலண்டு சுட்டான்போர்டு என்னும் இருப்புப்பாதை நிறுவனத் தலைவர். இருப்புப்பாதையில் ஈட்டிய செல்வம் குதிரையின் ஓட்டத்தை நிறுத்திப் பார்க்க உதவியது.

பிரான்சு நாட்டு இலூமியேர் உடன்பிறந்தார் எடுத்த தொடக்ககாலத் திரைப்படங்களுள் புகழ்பெற்றது, இலா சியோட்டா நிலையத்துக்கு வண்டி வந்து சேரும் காட்சி. வண்டி தம்மீது பாய்கிறதென அஞ்சிப் பார்வையாளர் எழுந்து ஓடினர் என்னும் கதையை ஆய்வாளர் பலர் இன்று ஐயுறுகின்றனர். ஆயினும் அக்கதை அழியாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. வண்டி வருவதைப் பார்ப்பதில் அச்சமும் மகிழ்ச்சியும் கலந்திருப்பதை அனைவரும் அறிவர். 1896 சூலை 7ஆம் நாள் மும்பையின் வாட்சன் விடுதியில் இந்தியாவின் முதல் திரைக்காட்சி நடைபெற்றபோது, வண்டி வந்து சேரும் காட்சியும் அதில் இடம்பெற்றிருந்தது.

தமிழகத்தின் கதை இதனினும் சுவையானது. தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்று திரைப்படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் பணிபுரிந்தவர். 1905இல் துய்பான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம்காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டு வெளியேறினார். ஆகவே, தமிழர்க்கு அசையும் படத்தைக் கொண்டுவந்து காட்டியவர்களுள் முதல்வர் ஓர் இருப்புப்பாதை ஊழியர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

சாளரத்தின் இலக்கணம்

ஓடும் வண்டியிலிருந்து படமெடுப்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. யாப்பு அறியாதவன் எழுதும் வெண்பா தளை தட்டுவதுபோல, இவ்விலக்கணம் அறியாதவர் எடுக்கும் படம் குழம்பிப்போகும்.

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி, ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. படக்கருவியின் மூடி ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் வண்டி அரை மீட்டர் நகர்ந்துவிடும். பாதையோரத்துக் கம்பம் படத்தில் ஒரு பட்டையாக இழுபட்டுத் தெரியும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்திருந்தால் நகர்வு இரண்டரைச் செண்டிமீட்டரே. கம்பம் கம்பமாகவே நிற்கும். ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்தில் போதிய ஒளி உள்ளே புக வேண்டுமெனில் நல்ல வெயில் வேண்டும். அந்தி மயங்கும் வேளையில் படமெடுப்பவர், விரைவைக் கைவிட வேண்டும் அல்லது ஒளியைக் கைவிட வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெற இயலாது.

அடுத்தது அண்மையும் சேய்மையும். சாளரத்திலிருந்து ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள வேலிச்செடி கண்முன் பறந்தோடுகிறது. பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலை, அதைக்காட்டிலும் இரண்டாயிரம் மடங்கு மெதுவாகவே இடம் பெயர்கிறது. எனவே ஒரே படத்தில் வேலி கரைந்தும் மலை தெளிந்தும் அமையும். இக்கரைவைப் பிழையெனக் கருதி அழிப்போர் உளர். உண்மையில் வண்டி ஓடியது என்பதற்குப் படத்திலுள்ள ஒரே சான்று அதுவே. அது நீங்கிவிட்டால், ஒருவர் வயலில் நின்று மலையை எடுத்த படத்துக்கும் அதற்கும் வேறுபாடு இராது.

விருத்தாசலத்திலிருந்து சேலம் நோக்கிச் செல்பவர்க்கு இது நன்கு விளங்கும். சின்னசேலத்தைக் கடந்து தலைவாசல், ஆத்தூர் என வண்டி மேற்கு நோக்கிச் செல்லுங்கால், வலப்புறம் வடக்கே கல்வராயன் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. இடப்புறம் தெற்கே பச்சைமலை. இரு மலைகளுக்கும் இடைப்பட்ட சமவெளியில் பாதை செல்கிறது. அருகில் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பச்சைக் கோடுகளாக ஓடுகின்றன. அவற்றுக்குப் பின்னே தென்னைகள் சற்றே நிதானமாக நகர்கின்றன. அனைத்துக்கும் பின்னே கல்வராயன் அசைவதில்லை. ஒரே சாளரத்துக்குள் மூன்று வேகங்கள். மலையைப் படமெடுக்க விரும்புவோர்க்கு வடபுறச் சாளரமே உகந்தது. ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரையிலான காலம் நீங்கலாக, நண்பகலில் கதிரவன் இப்பகுதியில் தென்புறமாகவே நிற்பதால், வடபுறச் சாளரத்தில் வெயில் படிவதில்லை; மலையின் தென்முகமோ ஒளிபெற்று நிற்கும். காலை வெயில் மலையின் மடிப்புகளைச் சாய்வாகத் தொட்டு ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டும்.

கண்ணாடி மூடிய குளிர்பதனப் பெட்டியில் வேறொரு சிக்கல் உண்டு. உள்ளே எரியும் விளக்கும், படமெடுப்பவரின் முகமும், எதிரிருக்கையில் உறங்குபவரும் கண்ணாடியில் தெரிந்து, வெளிக்காட்சியின்மேல் படிவர். கருவியைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தால் பெரும்பாலும் இது நீங்கும். சிலர் இதனை நீக்க விரும்புவதில்லை. வயலின்மேல் மிதக்கும் பயணியின் முகம், அவர் எங்கே இருந்தார் என்பதையும் எதைப் பார்த்தார் என்பதையும் ஒரே படத்தில் கூறிவிடுகிறது. பாட்டில் உள்ளுறை செய்யும் வேலையை இங்கே கண்ணாடி செய்கிறது.

இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் புதியதோர் புதுமை நிகழ்கிறது. அவற்றின் உணர்தகடு காட்சி முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் வண்டி நகர்ந்துவிடுவதால், நேராக நிற்கும் மின்கம்பங்கள் படத்தில் சாய்ந்து நிற்கின்றன. கம்பம் சாயவில்லை, வண்டியும் சாயவில்லை, பார்க்கும் முறையில் உள்ள காலத்தாழ்வே சாய்வாக வெளிப்படுகிறது. கருவி பொய் சொல்லாது என்போர் இப்படத்தைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

வளைவில் தெரியும் வண்டி

வண்டியில் செல்பவர்க்கு ஒரு குறை உண்டு. தாம் செல்லும் வண்டியை அவர் காண இயலாது. பாதையோரத்தில் ஆடு மேய்க்கும் சிறுவன் இயந்திரம் முதல் கடைசிப் பெட்டி வரை முழு வண்டியையும் காண்கிறான். கட்டணம் செலுத்தி உள்ளே அமர்ந்தவரோ இருக்கையையும் சாளரத்தையும் மட்டுமே காண்கிறார். இக்குறை நீங்கும் இடம் ஒன்று உண்டு, அது வளைவு. பாதை வளையும்போது முன்பெட்டிகளும் இயந்திரமும் சாளரத்துக்கு எதிரே வந்து நிற்கும். சில நொடிகளே நீடிக்கும் அக்காட்சிக்காகப் படமெடுப்போர் பல மணிநேரம் காத்திருப்பர்.

தமிழகத்தில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லாத பாதை நீலகிரி மலைப்பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 46 கி.மீ. நீளத்தில் 208 வளைவுகளும் 16 குகைகளும் 250 பாலங்களும் உள்ளன. 2005இல் இது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமையாதலால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் அமைந்துள்ளது. இயந்திரத்தின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறுகிறது. ஏறும்போது இயந்திரம் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று தள்ளுகிறது. ஆகவே முதற்பெட்டியில் இருப்பவர்க்கு முன்னே வெறும் பாதையும் காடும் மட்டுமே தெரியும். தம்மைச் சுமந்து செல்லும் ஆற்றலைக் காண அவர் வளைவில் பின்னோக்கித் திரும்ப வேண்டும். எழுதுவோர்க்கு இஃது ஒரு பாடம். மரபு என்பது முன்னே நின்று இழுப்பது எனப் பலரும் எண்ணுகின்றனர். அது பின்னே நின்று தள்ளுவதாகவும் இருக்கலாம். வளைவு வரும்வரை கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

நகர்ப்புறத்து இலகுவகை வண்டிகளிலும் முன்நோக்கிய காட்சி கிட்டுவதுண்டு. மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் 1998 முதல் இயங்கும் கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. வண்டிக்கு ஓட்டுநர் இல்லை. ஓட்டுநர் அமரும் அறையும் இல்லாமையால் முன்கண்ணாடி பயணிகளுக்கே உரியது. சிறுவர்கள் அக்கண்ணாடியில் முகம் பதித்து நிற்பதும், தந்தையர் அவர்களுக்குப் பின்னே கைப்பேசி ஏந்தி நிற்பதும் அங்கே வழக்கமான காட்சி. சென்னையிலும் 1995இல் கடற்கரை – சேப்பாக்கம் இடையே தொடங்கிய பறக்கும் தொடர்வண்டி, கூரைகளின் உயரத்தில் நகரைக் காட்டியது. தெருவில் நடப்பவர் வீட்டின் முகப்பைக் காண்பர். பறக்கும் வண்டியில் செல்பவர் மொட்டைமாடியையும் காயும் துணியையும் பக்கிங்காம் கால்வாயையும் காண்பர். நகரம் பிறர்க்குக் காட்ட எண்ணாத முதுகுப்புறம் அது.

பார்வையின் நாகரிகம்

முதுகுப்புறத்தைப் படமெடுக்கலாமா என்னும் வினா இங்கே எழுகிறது. சிங்கப்பூரில் 1999 முதல் இயங்கும் புக்கிட் பாஞ்சாங் எல்.ஆர்.டி. வண்டி, அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அருகே செல்கிறது. குடியிருப்போரின் தனிமை கெடாதிருக்க, வீடுகளை நெருங்கும்போது வண்டியின் சாளரக் கண்ணாடிகள் தாமாகவே பனிமூடியதுபோல் மங்கிவிடும். கடந்தபின் மீண்டும் தெளியும். அங்கே பார்வையின் நாகரிகம் பொறியிலேயே அமைக்கப்பெற்றுள்ளது. இங்கே சாளரத்துக்கு அவ்வறிவு இல்லை. ஆகவே அது படமெடுப்பவரிடம் இருத்தல் வேண்டும். கிணற்றடியில் குளிப்பவரை, பாதையோரக் குடிசைமுன் தலைவாரும் பெண்ணை, வண்டியின் வேகத்தைக் காவலாகக் கொண்டு படமெடுத்துச் செல்வது அழகன்று. அவர் திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்பதற்குள் வண்டி அடுத்த ஊரில் இருக்கும். கேள்வி கேட்க இயலாதவரிடம் எடுத்துக்கொள்வது யாதாயினும் அது கொடை ஆகாது.

உடன் பயணம் செய்வோர்க்கும் இது பொருந்தும். தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ என்னும் சிறுகதை வண்டிப் பயணத்தில் நிகழ்வது. தொலைதூரத்துக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் சிறுமிக்கு, உடன் வரும் சிறுவன் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடும் கணமே அக்கதையின் உயிர். அப்பெட்டியில் யாரேனும் ஒருவர் படக்கருவியை நீட்டியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? சிறுவன் கருவியைப் பார்த்திருப்பான். சிறுமி கூசித் தலைகவிழ்ந்திருப்பாள். பழம் பழமாகவே இருந்திருக்கும். சில காட்சிகளைக் கண்டவர் கருவியை மடியில் வைத்துவிட்டு நெஞ்சில் வைத்துக்கொள்வதே முறை. பின்னர் அது எழுத்தாகலாம். ஒளிப்படக்காரர்க்கும் எழுத்தாளர்க்கும் உள்ள எல்லைக்கோடு அங்கேதான் உள்ளது.

உயிரினும் பெரிதோ படம்?

இளைஞர் நிரம்பிய அவையில் வேறொன்றையும் கூறாமல் விடுதல் இயலாது. ஓடும் வண்டியின் படிக்கட்டில் நின்று ஒரு கையால் கம்பியைப் பற்றி, மறு கையால் தம்மையே படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. தண்டவாளத்தில் நின்று, பின்னால் வண்டி வருமாறு படமெடுப்போரும் உளர். நேரே எதிரில் வரும் வண்டியின் வேகத்தைக் கண் சரியாக மதிப்பிடுவதில்லை. தொலைவில் அது ஒரு புள்ளியாகவே நெடுநேரம் நிற்பதுபோல் தோன்றும். அருகே வந்ததும் திடீரெனப் பெருகும். முன்னர்க் கூறிய கணக்கின்படி, நொடிக்கு 25 மீட்டர் வரும் வண்டி நூறு மீட்டரைக் கடக்க நான்கு நொடிகளே போதும். திரையைப் பார்த்து முகத்தைச் சரிசெய்ய அதனினும் மிகுதியான நேரம் ஆகும்.

1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டம், உரிமையின்றி இருப்புப்பாதை எல்லைக்குள் நுழைவோர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ விதிக்க இடமளிக்கிறது. எச்சரித்த பின்னும் படியிலோ கூரையிலோ பயணம் செய்வோர்க்கு மூன்று திங்கள் வரை சிறையோ ஐந்நூறு ரூபாய் வரை தண்டமோ விதிக்க இடமளிக்கிறது. தண்டத்தொகை சிறிது, இழப்பு அவ்வாறன்று. வெளியே சென்ற பிள்ளையின் கடைசிப் படம் அவனுடைய கைப்பேசியிலேயே இருந்ததென்று அறிந்த பெற்றோர் தமிழகத்தில் பலர். இருக்கையில் அமர்ந்து சாளரக் கம்பிக்கு உட்புறத்திலிருந்து எடுக்கும் படத்தில் கம்பியின் நிழல் விழும் என்பர் சிலர். விழட்டும். அந்நிழல், எடுத்தவர் வீடு திரும்பினார் என்பதற்குச் சான்று.

மறைவன

படமெடுப்பதன் முதற்பயன் அழகன்று, மறைவதைக் காத்தல். 1895இல் சென்னையில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது, 1953இல் நின்றுபோயிற்று. இன்று எழுபது அகவைக்கு உட்பட்டோர் எவரும் அதில் ஏறியிருக்க இயலாது. எஞ்சியவை சில படங்களும் பழைய கதைகளில் வரும் குறிப்புகளுமே. 1964 திசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற வண்டியைப் பயணிகளோடு கடலுக்கு இரையாக்கியது. அந்நிலையத்தின் இடிந்த சுவர்களை இன்று ஆயிரக்கணக்கானோர் படமெடுக்கின்றனர். உயிரோடிருந்த நிலையத்தை எடுத்த படங்கள் சிலவே. 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பெற்ற பழைய பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து செல்லும். இருபுறமும் கடல் தெரியும். 2022 திசம்பரில் அதன்மீது வண்டி ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறக்கப்பெற்றது. பழைய பாலத்தின்மேல் சென்று சாளரம் வழியே எடுத்த படங்கள், எடுத்தவர் அறியாமலே ஆவணங்களாகிவிட்டன.

மறைவதை அறிந்தே விரைந்தவரும் உண்டு. அமெரிக்காவில் ஓ. வின்சுட்டன் லிங்கு என்பார், நார்போக் – வெசுட்டர்ன் பாதையின் நீராவி வண்டிகளை 1955 முதல் அவை நின்றுபோன 1960 வரை இரவு நேரங்களில் படமெடுத்தார். பல மின்னொளிக் குமிழ்களை ஒரே கணத்தில் எரியச் செய்து, வண்டியோடு அதன் அருகில் வாழ்ந்த மக்களையும் சேர்த்தே பதிவு செய்தார். வங்கத்தில் சத்யஜித் ராய், ‘பதேர் பாஞ்சாலி’ படத்துக்காக 1952இல் நாணற்பூ வெளியில் சிறுவரிருவரும் வண்டியைக் காணும் காட்சியை எடுக்கத் தொடங்கினார். அடுத்த வாரம் திரும்பி வந்தபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் பூக்கும் பருவத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. மாடு மேய்ந்த பூ மறுபருவத்தில் பூக்கும். பிற சில பூக்கா.

விருத்தாசலம் – சேலம் பாதை அத்தகையது. 1992இல் இந்திய இரயில்வே நாடெங்கும் ஒரே பாதையளவு என்னும் திட்டத்தை மேற்கொண்டது. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள பாதைகள் 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ளவையாக மாறத் தொடங்கின. சேலம் பாதை 2007ஆம் ஆண்டளவில் அகலப்பாதையாயிற்று. மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் சிறிய பெட்டிகளும், மரப்பலகை இருக்கைகளும், அவற்றில் அமர்ந்து ஆத்தூர்ச் சந்தைக்கும் சேலத்துக்கும் சென்றவர்களும் மறைந்தனர். அப்பயணத்தைப் பதிந்த படம் இப்பகுதி வீடுகளில் எத்தனை இருக்கும் என்பதை உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து அறியலாம். திருமணப் படம் இருக்கும். பள்ளிக் குழுப்படம் இருக்கும். வண்டிச் சாளரத்தின் படம் இருப்பது அரிது. அன்று படச்சுருளின் விலை மிகுதி. நிலையங்களில் படமெடுக்கத் தடை என்னும் அறிவிப்பும் இருந்தது. இன்று வணிக நோக்கில் எடுப்போர்க்கே முன் இசைவு முதன்மையாக வேண்டப்படுகிறது. கருவியோ ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. முன்னோர்க்கு இருந்த தடை இன்றுள்ளோர்க்கு இல்லை.

நிறைவுரை

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஏறத்தாழ 16 கி.மீ. நீளமுள்ள புதிய இருப்புப்பாதைக்கு ஒப்புதல் கிடைத்துப் பல்லாண்டுகள் ஆயின. பணிகள் நெடுங்காலமாக நடந்து வந்துள்ளன. இப்பகுதி மக்களின் நீண்டநாள் வேட்கை அது. மருத்துவத்துக்கும் கல்விக்கும் சென்னைக்கும் சேலத்துக்கும் செல்வோர், இரவில் பேருந்து மாறி வண்டி பிடிக்கும் துன்பம் அதனால் நீங்க வேண்டும். அதனை விரும்பாதார் இவ்வவையில் இலர்.

பாதை வரும்போது நிலம் மாறும். கரும்பு வயலுக்கு நடுவே மண்மேடு எழும்; சில கிணறுகள் தூர்க்கப்படும்; வண்டிப்பாட்டைகள் திசை மாறும்; ஒரே நிலமாக இருந்தது இருகூறாகும். எதிர்காலத்தில் சாளர ஓரம் அமர்ந்து வரும் குழந்தை, வண்டி இருக்கும் கள்ளக்குறிச்சியை மட்டுமே அறியும். வண்டி வருமுன் இந்நிலம் எப்படி இருந்தது என்பதை அக்குழந்தைக்குக் காட்டக்கூடியவர்கள் இன்று வாழ்வோர் மட்டுமே.

ஆகவே, பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. கவியரங்குகளும் நூல் வெளியீடுகளும் தொடரட்டும். அவற்றோடு, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஒரே இடத்தைத் தேர்ந்து, கோடையிலும் மழையிலும் அறுவடையிலும் படமெடுத்து வைக்கலாம். ஆத்தூர் வழியே செல்வோர் வடபுறச் சாளரத்திலிருந்து கல்வராயனை எடுத்து வைக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் நாளும் இடமும் நோக்கிய திசையும் குறிக்கப்பட வேண்டும். உரியவரின் இசைவு பெற வேண்டிய இடத்தில் பெறப்பட வேண்டும். படத்தின் கீழே இரண்டு வரி எழுதப்பட வேண்டும். அவ்விரண்டு வரியில் படத்தில் தெரியாதது இருக்கட்டும்: அன்றைய காற்று, வயலில் கேட்ட குரல், நாற்றங்காலின் மணம். கண்ணுக்கு உரியதைக் கருவி பார்த்துக்கொள்ளும். ஏனையவை பாவலர்க்கு உரியவை.

இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது அத்தொகுப்பும் உடன் வெளிவருமாயின், அதற்கு வருவோருள் சிலரேனும் கள்ளக்குறிச்சி நிலையத்தில் வண்டியிலிருந்து இறங்கி நடந்து வருவர் என நம்பலாம். பறம்பு மலை, அருகில் நின்றவர்க்கும் தொலைவு சென்றவர்க்கும் ஒருங்கே தோன்றியதுபோல, கல்வராயனும் அவர்களுக்கு இரு முறை தோன்றட்டும். சாளரத்தில் ஒரு முறை, இத்தொகுப்பில் ஒரு முறை.